ஓடுதளத்து மிளகாய்

நரிப்பொட்டலுக்கு மேலே அந்தச் சின்ன விமானம் சுற்ற ஆரம்பித்தது மாசி மாதத்தில், முதல் பறிப்பு முடிந்து ஓடுதளம் முழுக்க மிளகாய் சிவப்பாய்க் கிடந்த ஒரு காலையில். அது சுற்றி ஓய்ந்தது ஐப்பசியில். இடையில் ஒரு தடவைகூட அது தரையைத் தொடவில்லை, அதன் பெட்ரோலும் தீரவில்லை. எப்படித் தீராமல் இருந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நரிப்பொட்டலில் அதை யாரும் கேட்கவில்லை. இவன் எவன் களத்தில் விழுந்து தொலைக்கப் போகிறான் என்பதைத்தான் கேட்டார்கள்.

ஓடுதளத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் கருவேலங்காட்டை வெட்டிப் போட்ட சிமெண்டுத் தளம் அது. சண்டை முடிந்ததும் அவன் போய்விட்டான், தளம் கிடந்தது. மண்ணில் காய்கிற மிளகாய் சோகை பிடித்தமாதிரி வெளுத்துப்போகும், சிமெண்டில் காய்வதோ கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே விதை சலங்கையாய்ச் சத்தம் போடும். அதனால் ஊர்க்காரர்கள் தளத்தைக் குறுக்கே குறுக்கே பங்கு போட்டு, குடும்பத்துக்கு ஒரு களமென்று சுண்ணாம்புக்கோடு கிழித்துக்கொண்டார்கள். அந்தக் கோட்டுக்காகக் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன, மண்டைகள் உடைந்திருக்கின்றன. கோட்டைவிடக் கெட்டது களத்து முறை. முதல் பறிப்பு விரித்த நாளிலிருந்து ஐப்பசியில் முதல் தூற்றல் விழுந்து ஊரே ஒன்றாய் அள்ளுகிற நாள்வரைக்கும், எந்தக் களமும் வெறுந்தரையாய்த் தெரியக்கூடாது. மிளகாயோ மல்லியோ துவைத்த வேட்டியோ, காய்கிறது ஏதோ ஒன்று அதில் கிடக்கவேண்டும். வெறுந்தரை தெரிந்தால், பக்கத்துக் களத்துக்காரன் அதைக் கண்ணால் பார்த்து, தன் மிளகாயில் ஒரு கை அள்ளி அங்கே போட்டுவிட்டால் போதும், களம் அவனுடையது. பஞ்சாயத்துக் கிடையாது, அழுகை செல்லாது.

அரியநாச்சியின் களம் தளத்துக்கு நட்டநடுவில் இருந்தது. விரிசல் விழாத, தண்ணீர் தேங்காத, காலையில் முதல் வெயிலும் மாலையில் கடைசி வெயிலும் படுகிற களம். அடுத்தது அவள் கொழுந்தன் கொம்பையாவின் களம். அவள் புருஷன் செத்த அன்று, பிணம் வீட்டில் கிடக்க, புதுப்பறிப்பு மிளகாய் சாக்கில் கிடக்க, களம் வெறுமையாய் இருக்குமென்று கணக்குப் போட்டு, கூடப்பிறந்த கொம்பையாவே கையில் ஒரு பிடி மிளகாயோடு கோட்டருகே வந்து நின்றான். அரியநாச்சி தாலி அறுக்க வந்தவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரித்து முடித்தாள். பிறகுதான் போய் அழுதாள். அதற்கப்புறம் அவள் வாழ்ந்ததெல்லாம் அந்தக் களத்தை அவன் கையில் விடாமல் இருக்கத்தான் என்று சொன்னால் அது மிகையில்லை. அவளே அப்படித்தான் சொல்லுவாள்.

விமானத்தில் இருந்தவன் பெயர் தேவநேசன். நாகர்கோவில் பக்கத்து ஆள், பறக்கச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார், முப்பத்தைந்து வயசு இருக்கும். பழுது பார்த்த விமானத்தைத் தனியாய் எடுத்து ஓட்டிப்பார்க்க வந்தவனுக்கு இறங்கும் நேரத்தில் இடதுசக்கரம் மட்டும் கீழே வந்து பூட்டிக்கொண்டது, வலதுசக்கரம் வயிற்றுக்குள் மடங்கியபடியே வர மறுத்தது. அவன் கேட்ட ஒவ்வொரு விமான நிலையமும் ஒற்றைச் சக்கரத்தோடு எங்கள் தளத்துக்கு வராதே, தளம் கெட்டுப்போகும், வேறிடம் பார் என்றது. வேறிடமாய் அவனுக்குக் கிடைத்தது நரிப்பொட்டல்.

தாழப் பறந்து வந்து, பக்கத்துச் சன்னலைத் திறந்து, தலையை நீட்டிக் கத்தினான். ஒரு சுற்றுக்கு ஒரு பேச்சுத்தான் முடியும். அதற்குள் விமானம் கண்மாய்க்கரை தாண்டிப் போய்விடும், திரும்பி வரும்வரைக்கும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

"மிளகாயை எடுங்க. ஒத்தச் சக்கரத்துலதான் எறங்கணும்."

அது கண்மாயைச் சுற்றி வந்தது. களத்தில் கிண்டிக்கொண்டிருந்த அரியநாச்சி பலகையை ஊன்றி நின்று கத்தினாள்.

"எடுத்தா களம் போயிரும்."

சுற்றி வந்தது.

"எங்க போகும்?"

சுற்றி வந்தது.

"அந்தா பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறான்ல, அவன்கிட்ட."

கொம்பையா உண்மையிலேயே பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றான். "மதினி, பாவம்ல அந்தப் புள்ள. நீங்க அள்ளுங்க, ஒங்களுக்குப் பின்னால நாங்க அள்ளுறோம்" என்றான்.

"நீ அள்ளேன், கொழுந்தனாரே."

"மூத்தவுக முன்னாடி நான் எப்பிடி அள்ளுறது?"

அப்படியே மிளகாய்மேல் இறங்கச் சொல் என்று யாரோ யோசனை சொன்னார்கள். தேவநேசன் அதற்கு மூன்று சுற்றுகளில் பதில் சொன்னான். ரெக்கை தரையில் உரசும், பொறி பறக்கும். டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, கீழே சருகாய்க் காய்ந்த மிளகாய் கிடக்கிறது. நானும் எரிவேன், ஊரும் எரியும். ஊர் எரியும் என்றது எல்லோருக்கும் விளங்கியது.

தாசில்தார் ஜீப்பில் வந்தார். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, "ஆளுக்கொரு வேட்டியக் களத்து ஓரத்துல காயப்போட்டுட்டு மிளகாய அள்ளுங்க, ஒங்க முறையும் கெடாது, அவரும் எறங்கிருவாரு" என்று தீர்ப்புச் சொன்னார்.

"ஏரோப்ளேன் காத்துல வேட்டி பறந்துபோச்சுன்னா?" என்றான் கொம்பையா.

"வேட்டிமேல கல்ல வைய்யி."

அந்நேரம் மேலே வந்த தேவநேசன், "கல்லு மட்டும் வைக்காதீங்க சார்" என்று கத்திவிட்டுப் போனான்.

தாசில்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. கொட்டுக்காரரை வரவழைத்தார். கொட்டடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் அள்ளவேண்டும், ஒரே நேரத்தில் எல்லாக் களமும் வெறுமையானால் எவனும் எவன் களத்தையும் எடுக்க முடியாது. இது நல்ல யோசனை என்று ஊரே தலையாட்டியது. ஆளுக்கொரு கூடையோடு அவரவர் களத்தில் குனிந்து நின்றார்கள். கொட்டு விழுந்தது. ஒருத்தரும் அசையவில்லை. அடுத்தவன் கை மிளகாயில் படுகிறதா என்று ஒவ்வொருத்தரும் ஓரக்கண்ணால் பார்த்தபடி, குனிந்த முதுகு குனிந்தபடி, கொட்டுக்காரரின் கை ஓயும்வரைக்கும் அப்படியே நின்றார்கள். அரியநாச்சியும் நின்றாள். கொம்பையாவின் விரல் ஒரு மிளகாயைத் தொட்டதைப் பார்த்தாள், தொட்ட விரல் அதைத் தூக்கவில்லை என்பதையும் பார்த்தாள். தாசில்தார் ஜீப்பில் ஏறிப் போனார். மறுபடி வரவில்லை.

விமானம் சுற்றியது. பங்குனி போனது, சித்திரை போனது, அது சுற்றியது. ஆரம்பத்தில் அண்ணாந்து பார்த்தவர்கள் கழுத்து வலித்து விட்டுவிட்டார்கள். அதன் உறுமலுக்கு மேலே பேசிப் பேசி ஊரே கத்திப் பேசப் பழகியது, கத்திப் பேசியதில் ரகசியம் பேசுவது ஒழிந்தது, ரகசியம் ஒழிந்ததில் சண்டை பெருகியது. பெண் பார்க்க வந்தவர்கள், என்ன எல்லோரும் இப்படிக் கோபமாய் இருக்கிறீர்கள் என்று எழுந்து போனார்கள். கோழிகள் அதைப் பருந்தென்று நினைத்து வாரக்கணக்கில் கூண்டைவிட்டு வராமலே முட்டையிட்டன. விமானத்தின் நிழல் களத்தில் விழுகிற ஒவ்வொரு தடவையும் மிளகாய் ஒரு பொட்டு நிறம் குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள், என் களத்தில்தான் நிழல் அதிகம் விழுகிறது, நீதான் அவனிடம் சொல்லித் திருப்பிவிட்டாய் என்று அதற்கும் அடித்துக்கொண்டார்கள்.

அவனுக்குச் சோறு போட்டார்கள். இரக்கமென்று யாரும் நினைக்க வேண்டாம். பசியில் மயங்கினால் விழுவான், விழுந்தால் எவன் களத்திலாவது விழுவான், அது நம் களமாய் இருக்கக்கூடாது என்றுதான் போட்டார்கள். நீளமான மூங்கிலில் சோற்றுப்பொட்டலத்தைக் கட்டித் தூக்கிப் பிடிப்பார்கள், அவன் தாழ வந்து கையை நீட்டிப் பறித்துக்கொள்வான். அரியநாச்சியின் முறை வருகிற நாளில் துவையலில் வேண்டுமென்றே காரத்தை அள்ளி வைத்தாள்.

"ஏம்மா மொளகாய்க்காரம்மா, இது சோறா வெசமா?"

சுற்றி வந்தது.

"எறங்கி வந்து கேளுடா."

சுற்றி வந்தது.

"எறங்க விட்டாத்தானே வருவேன். நீங்க எல்லாம் மனுசங்கதானா?"

சுற்றி வந்தது.

"ஊரெல்லாம் எடம் இருக்கையில எங்க தலைமேல வந்து உக்காந்துக்கிட்டு எங்களக் கேக்குறியா?"

இப்படி, ஒரு வாக்கியத்துக்கு ஒரு சுற்றாக, பங்குனியில் தொடங்கிய சண்டை ஆவணிவரைக்கும் நடந்தது. புருஷன் போனபிறகு அவள் ஒரே ஆளோடு அவ்வளவு பேசியது அதுதான். அவன் தாடி காற்றில் பறக்க ஆரம்பித்திருந்தது. மேகத்துக்குள் போய்ப் போய்ச் சட்டை எப்போதும் ஈரமாய் உடம்போடு ஒட்டிக்கிடந்தது. ஒருநாள் அவன் ஒன்றும் சொல்லாமல் கடந்து போனான். அடுத்த சுற்றிலும் சொல்லவில்லை. அன்று அவள் மிளகாயைச் சரியாய்க் கிண்டவில்லை. மறுநாள் அவன் வந்து, "நேத்து தூங்கிட்டேன்" என்றான். "தூங்கித் தொலையிறவன் கண்மாயில விழுந்து தொலையக்கூடாதா" என்று கத்திவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஐப்பசி பிறந்தது. சுற்று வட்டாரமெல்லாம் மழை. மேற்கே கொட்டியது, கிழக்கே கொட்டியது, பக்கத்து ஊர்க் கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. நரிப்பொட்டலுக்கு மேலே மட்டும் விமானம் சுற்றிச் சுற்றி வானத்தில் ஒரு வட்டம் கடைந்து வைத்திருந்தது, வருகிற மேகமெல்லாம் அந்த வட்டத்தின் விளிம்பில் மோதி விலகிப் போனது. கொல்லையில் விதைத்திருந்த விதை மண்ணுக்குள் வெந்தது. மழையில்லாமல் களத்தை அள்ளவும் முடியாது, அதனால் மாசியில் விரித்த மிளகாய் விற்கமாட்டாமல் கிடந்து, சிவப்புப் போய், பழுப்புப் போய், தொட்டால் பொடியாய் உதிர்ந்தது.

இப்போது ஊருக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது. மூங்கில்களை எடுத்து ஓரமாய் வைத்தார்கள். சோறு நின்றது. கவண்கல்லால் அடித்துப் பார்த்தார்கள். கொம்பையா ஊரைக் கூட்டி, "பட்டினி கெடந்தா விழுந்துதானே ஆகணும். விழுகிறவன் நடுவுல விழுவான். நடுக்களத்துக்காரவுக பொறுத்துக்கிறணும்" என்றான். சொல்லும்போது மதினியைப் பார்த்தான். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். எரிந்தால் அவள் களம் எரியட்டும், எரிந்து சாம்பலாய்ப் பறந்தபின் வெறுந்தரை கொம்பையாவுக்கு, மழை எல்லோருக்கும். ஊரே எரியும் என்று முன்னால் பயந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, கணக்கும் யாருக்கும் உறுத்தவில்லை.

அரியநாச்சி கூட்டத்தைவிட்டு எழுந்தாள். களத்துக்குப் போய் நடுவில் நின்றாள். விமானம் வந்தது.

"ஏய், என் களத்துல எறங்கு."

அது சுற்றி வர அன்றைக்கு நேரம் பிடித்தது.

"தீப்பிடிக்கும்."

சுற்றி வந்தது.

"பிடிக்காம இருக்க என்ன செய்யணும்?"

சுற்றி வந்தது.

"மிளகாய நனைக்கணும். சொட்டச் சொட்ட நனைக்கணும்."

வருஷம் முழுக்கக் காயவைத்த மிளகாயை நனைப்பதா. நனைத்தால் ஒரே நாளில் பூசணம் பிடிக்கும், மாட்டுக்குக்கூட ஆகாது. அவள் அந்த ஒரு சுற்று முழுக்க அவனை, அவனைப் பெற்றவளை, விமானம் செய்தவனை, ஓடுதளம் போட்ட வெள்ளைக்காரனை என்று வரிசையாய் வைதாள். வைது முடிப்பதற்குள் அவளுக்குக் கணக்குத் தெளிந்துவிட்டது. அவ்வளவு பெரிய இரும்பு களத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால், நனைந்த மிளகாய்மேல் அதுவும் காய்ந்துகொண்டு கிடக்கும். அதை எவன் அள்ளுவான்? எந்தக் காற்றில் பறக்கும்? கொம்பையா செத்து அவன் பிள்ளைகள் செத்தாலும் களம் வெறுமையாகாது.

"எப்பிடிப் போடணும்னு சொல்லித் தொலை" என்றாள்.

அவன் சுற்றுக்கொன்றாகச் சொன்னான். நீளவாக்கில் மெத்தைமாதிரிப் போடு. ஓரத்தைத் தணி. நடுவில் மேடு வேண்டாம். அவள் பலகையால் தள்ளினாள், காலால் மிதித்தாள். மறுநாள் கருக்கலில் குடத்தை எடுத்தாள். ஊருணிக்கும் களத்துக்கும் நடந்தாள். பொழுது விடிந்தது முதல் உச்சி சாயும்வரை ஊர் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்து அவள் நடப்பதை வேடிக்கை பார்த்தது, ஒருத்தரும் ஒரு குடம் பிடிக்கவில்லை. "பைத்தியம் பிடிச்சிருச்சு மதினிக்கு" என்று கொம்பையா சொல்ல, "பிடிச்சாலும் ஒனக்கு நல்லதுதானப்பா" என்று யாரோ சிரித்தார்கள். மிளகாய் நனைந்து ஊறி, அதன் காரம் சாறாய் இறங்கி, அவள் பாதம் வெந்தது. நடந்துகொண்டே இருந்தாள்.

"போதும்" என்றான் தேவநேசன் ஒரு சுற்றில். "தள்ளி நில்லுங்க" என்றான் அடுத்த சுற்றில்.

அதற்கடுத்த சுற்றில் சத்தம் இல்லாமல் வந்தான். இஞ்சினை நிறுத்திவிட்டிருந்தான். எட்டு மாதமாய்க் காதில் இருந்த உறுமல் நின்றதும், அதற்கு மேலே கத்திக்கொண்டிருந்த ஊர் தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு வாயை மூடியது. விமானம் களங்களைத் தாண்டித் தாண்டித் தணிந்து, அரியநாச்சியின் கோட்டுக்குள் இடதுசக்கரத்தை ஊன்றியது. வலதுபக்கம் விழாமல், ரெக்கையைக் காற்றில் ஏந்திப் பிடித்தபடி, ஒற்றைக் காலில் ஓடியது. வேகம் குறையக் குறைய ரெக்கை கனத்தது. கனத்துச் சரிந்தது. சரிந்த ரெக்கை ஈர மிளகாய்க்குள் இறங்கி, களத்தில் பலகை தள்ளுகிறமாதிரி, அவள் வருஷம் முழுக்க வைத்திருந்ததையெல்லாம் ஒரு மிளகாய் பாக்கியில்லாமல் வாரி முன்னால் தள்ளிக்கொண்டு போய், சுண்ணாம்புக்கோட்டைத் தாண்டி, கொம்பையாவின் களத்தில் பாதி வட்டம் அடித்து நின்றது. பொறி பறக்கவில்லை. தீ இல்லை. கொம்பையாவின் பொடியான மிளகாய் மட்டும் செம்புழுதியாய் எழும்பி ஊரை மூடியது.

எல்லோரும் இருமினார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை. அரியநாச்சியும் கண்ணை மூடியபடி, விமானத்தை நோக்கித் தன் களத்துக்குள் நடந்தாள். வெந்த பாதத்தில் சிமெண்டு சில்லென்று பட்டது. நின்றாள். இடதுகாலால் துழாவினாள், சிமெண்டு. வலதுகாலால் துழாவினாள், சிமெண்டு. அந்தப் பக்கம் புழுதிக்குள் கொம்பையா இருமுவது கேட்டது. இருமிக்கொண்டே, "மதினி, ஒங்க களத்துல என்ன கெடக்கு? ஒண்ணும் கெடக்கிற மாதிரித் தெரியலையே" என்றான். குனிந்து அள்ளுகிற சத்தமும் கேட்டது.

புழுதியிலிருந்து தேவநேசன் வெளியே வந்தான். தாடியும் முடியுமாய், உடம்பெல்லாம் மேகத்து ஈரம் சொட்ட, அவளை என்ன கேட்கவேண்டுமென்று எட்டு மாதமாய் யோசித்து வைத்திருந்ததைக் கேட்க வாயைத் திறந்தபடி வந்தான். தரை அவன் காலுக்கு மறந்துபோயிருந்தது. நாலைந்து எட்டு வைத்தவன், அவள் களத்தின் நடுவில் முழங்கால் மடங்கி மல்லாக்க விழுந்தான். எழுந்திருக்கக் கையை ஊன்றினான்.

அரியநாச்சி அவன் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினாள். "எந்திரிச்ச, காலை ஒடிச்சுப்புடுவேன். கெட."

"என்னம்மா இது? எறங்கிட்டேன்ல?"

"அசையாம கெடன்னா கெட."

புழுதி அடங்கியது. கோட்டருகே கொம்பையா கையில் ஒரு பிடி மிளகாயோடு, கண்ணில் நீர் ஓட நின்றுகொண்டிருந்தான். ஊரும் வந்து பின்னால் நின்றது. வெறுந்தரையைப் பார்த்தார்கள். நடுவில் கிடந்தவனைப் பார்த்தார்கள். அவனைச் சுற்றிச் சிமெண்டில் ஈரம் பரவியிருந்தது.

"இது என்ன மதினி?"

"பாத்தாத் தெரியல? ஈரமா இருக்கு. காயப்போட்ருக்கேன்."

"மனுசனக் காயப்போடுறது முறையில இல்ல."

"இல்லன்னு எவன் சொன்னான்? காயுறது கெடக்கணும், அவ்வளவுதான் முறை. ஏன், நீயும் நனைஞ்சுட்டு வந்து ஒன் களத்துல கெடயேன்."

கொம்பையா ஊரைத் திரும்பிப் பார்த்தான். ஊர் யோசித்தது. அவளுக்கு நல்லது செய்ய யாருக்கும் மனசில்லை, கொம்பையாவுக்கு ரெண்டு களம் போவதிலும் யாருக்கும் மனசில்லை. "காயுறவரைக்கும் செல்லும்" என்றார் ஒருத்தர். "காஞ்சப்பெறகு எந்திரிச்சுத்தானே ஆகணும்" என்றார் இன்னொருத்தர். கொம்பையா அதை ஒத்துக்கொண்டான். பிடித்த மிளகாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு கோட்டில் குத்தவைத்து உட்கார்ந்தான். வெயில் இன்னும் சுள்ளென்றுதான் இருந்தது. கிழக்கே, வட்டம் கலைந்துபோன வானத்தில், மேகம் அவசரமில்லாமல் கண்மாய்ப் பக்கம் வந்துகொண்டிருந்தது. முதல் தூற்றல் விழுகிறவரைக்கும் அவன் காயாமல் கிடந்தால் களம் தப்பும். தேவநேசனின் சட்டைக் காலர் ஓரம் காய ஆரம்பித்தது. கொம்பையா அதைப் பார்த்தான். அரியநாச்சியும் பார்த்தாள்.

எழுந்து போனாள். வெந்த பாதத்தோடு நொண்டி நொண்டி ஊருணிக்குப் போய், ஒரு குடம் தண்ணீர் மொண்டு, ஒரு செம்பையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். செம்பில் மொண்டு காலரில் ஊற்றினாள், தோளில் ஊற்றினாள், நெஞ்சில் ஊற்றினாள். முகத்தில் ஊற்றியபோது அவன் வாயைத் திறந்துகொண்டான்.

"வாய மூடு. குடிக்கவா ஊத்துறேன்? நனையிறதுக்கு ஊத்துறேன்" என்றாள்.

அவன் வாயை மூடவில்லை. அவள் அடுத்த செம்பை மொண்டாள், மேகம் எங்கே வந்திருக்கிறதென்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், வைதுகொண்டே அதையும் அவன் வாய்க்கு நேராகவே பிடித்தாள்.